நாலு குடித்தனமா, தனி வீடா?

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த அம்மாளை எல்லோரும் 'பிரேக் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கற்றுக்கொள்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து, வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அவள் கால் சும்மா இருக்காது. இடுப்புவலிக்குப் போனபோது, "இந்த வேலையை விட்டுடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேமிப்பைப் போட்டு ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று முடிவானது. அன்றோடு தூக்கம் போயிற்று.

தரகர் இரண்டைக் காட்டியிருந்தார். ஒன்று தனி வீடு. மற்றது நான்கு குடித்தனங்கள் இருக்கும் பழைய மாடிவீடு. விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

"தனி வீட்டையே வாங்கு. ஒரு குடும்பம், ஒரு தலைவலி" என்றார் கணவர்.

"அந்த ஒரு குடும்பமும் காலி பண்ணிட்டா? அடுத்த ஆள் வர்ற வரைக்கும் காத்தையா குடிப்போம்?"

"அப்ப மாடிவீட்டை வாங்கு."

"நாலு பேரும் சேர்ந்து சண்டைக்கு வந்தா?"

கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

மனசு கேட்காமல் மறுநாள் அவளே மாடிவீட்டுக்குப் போய், வாடகைக்கு வீடு தேடுவதாகக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு தையல்காரி எட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்குப் புண்ணியமா போகும், இங்க வராதீங்கக்கா. நாலு வீட்டுக்கும் ஒரே தண்ணித் தொட்டி. மேல குளிச்சா எங்க குழாய் இருமும். ஓனர் காதுலயே போட்டுக்க மாட்டார்."

"அப்புறம் நீங்க ஏன் காலி பண்ணல?"

"எங்க போறதுக்கா? பசங்க பள்ளிக்கூடம் பக்கத்துல இருக்கு. நான் கடைக்குப் போனா மேல்வீட்டம்மாதான் சின்னதைப் பார்த்துக்கறாங்க. காலையில சண்டையும் போடுவோம், அது வேற."

அங்கிருந்து நேராகத் தனி வீட்டுக்குப் போனாள். பூட்டில் துரு ஏறியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கூடம் காலியாகக் கிடந்தது. எத்தனை மாதமாக வாடகை வராமல் கிடக்கிறதோ! தரகருக்குப் போன் போட்டு, "மாடிவீட்டையே பேசுங்க" என்றாள்.

பத்திரம் முடிந்து அவள் மறுபடி வந்து நின்றபோது தையல்காரிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அய்யய்யோ, அக்கா... நீங்களா ஓனர்?"

"ஆமா. பொய் சொல்லிட்டுத்தான் வந்தேன், மனசுல வச்சுக்காதீங்க. தொட்டி எங்க இருக்கு, காட்டுங்க."

இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தொட்டி. அக்கா கார் வேலையை விட்டாயிற்று. வாடகை தவறாமல் வருகிறது. விளக்கு எரியவில்லை, கதவு சிக்குகிறது என்று நாலு வீட்டிலிருந்தும் போனும் வருகிறது. ஒருநாள் யாரும் கூப்பிடவில்லை என்றால், "என்ன ஆச்சோ தெரியலையே" என்று செருப்பைத் தேடுகிறாள்.