குணம் அண்ணை தராத மாட்டுத்தலை

குணம் அண்ணை இறந்த செய்தி வந்தபோது என் கையில் ஒரு கரடி இருந்தது. நல்ல வெள்ளிக் கரடி. ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் மண்டபமொன்றில் நடந்த நாணயச் சந்தையில், அங்கே நின்ற அத்தனை வெள்ளைக்காரரையும் முந்திக்கொண்டு அதை வாங்கி முடித்திருந்தேன். பழைய அமெரிக்க அரை டொலர். ஒரு பக்கம் ஆற்றில் பொன் அரிக்கும் ஆள், மறுபக்கம் கரடி. அதே குத்தி அண்ணையிடமும் இருந்தது. நாணயத்தைக் குத்தி என்றுதான் அவர் கடைசிவரை சொன்னார். ஆனால் அவருடையது தேய்ந்துபோய், கரடி ஆட்டுக்குட்டி மாதிரி நிற்கும். "அண்ணை, உங்கட ஆட்டுக்குட்டியைப் பட்டியிலை கட்டுங்கோ, இஞ்சை கரடி வருகுது" என்று சொல்லவேண்டிய வசனத்தையும் மனதுக்குள் அடுக்கிவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்தேன். எடுத்த கையிலேயே அது அடித்தது. அவருடைய மகன் ரமணன்.

"மாமா, அப்பா போயிட்டார். காலமை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவர், அப்பிடியே..."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல்தான். ஒரு மணித்தியாலம் பொறுத்திருக்கலாம். என் கரடியைப் பார்த்து ஒரு குறை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த மனிதர் எப்போதும் இப்படித்தான்: நான் வெல்லப்போகிற நேரம் பார்த்து எழும்பிப் போய்விடுவார்.

எங்கள் தமிழ்ச் சங்க நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னவர்கள், "அண்ணையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை" என்று கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் எழுதத் தொடங்கினால் நாலு வார்த்தையில் நிற்கிற ஆள் இல்லை. நல்லதாக மட்டும் எழுதவும் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

லண்டன் ஹவுன்ஸ்லோவில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. விமான நிலையக் கோப்பிக் கடையொன்றில் நீண்ட காலம் காசு மேசையில் நின்றவர். அங்கேதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. அவசரத்தில் இருந்த ஒரு பயணி, சில்லறையோடு சில்லறையாக மாட்டுவண்டில் போட்ட ஒரு வெள்ளிக் குத்தியைத் தள்ளிவிட்டுப் போனார். அண்ணை தன் காசைப் போட்டு அதை மாற்றி எடுத்துக்கொண்டார். நான் இந்தக் கதையைச் சொல்லும்போது அந்தப் பயணி ஒரு அமெரிக்க மந்திரி. சில வீடுகளில் சினிமா நடிகர். அண்ணை பக்கத்தில் இருந்தால், "தொப்பி போட்ட ஒரு கிழவன், பாலு. கோப்பியைக்கூடக் குடிக்காமல் வைச்சிட்டுப் போனது" என்று கதையைக் கெடுத்துவிடுவார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒரு ஊருக்கு நூறு வயது, ஒரு பாலம் திறப்பு, ஒரு கண்காட்சி என்றால், அதன் நினைவாக அரை டொலர் வெள்ளிக் குத்தி அடிப்பார்கள். பெறுமதியைவிடக் கூட விலைக்கு விற்று நிதி சேர்ப்பார்கள். நாங்கள் கோயில் தேருக்கு டிக்கெட் அடித்து விற்கிறோமே, அதே வேலைதான். பிறகு ஊருக்கு ஊர் கேட்கத் தொடங்கி அலுத்துப்போய் நிறுத்திவிட்டார்கள். லண்டனில் இருந்துகொண்டு ஏன் அமெரிக்கக் குத்தி என்று அண்ணையிடம் எல்லோரும் கேட்பார்கள். "இஞ்சத்தைக் குத்தியிலை எப்பிடித் திருப்பினாலும் ஒரு பக்கம் ராசா ராணியின்ர தலை. அங்கை பாருங்கோ: கரடி, கப்பல், வண்டில், மாடு. ஒரு ஊரே கிடக்கு" என்பார்.

அவருக்கு இந்த வழியைக் காட்டியதே நான்தான் என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். அவர் மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. சிரிப்பார். அந்தச் சிரிப்பும் எனக்கு எரிச்சல்தான்.

அவர் வீட்டில் குத்தி பார்ப்பது லேசான காரியமில்லை. முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். மேசையில் மெத்தென்ற துணி விரித்திருக்கும். இரண்டு விரலால் விளிம்பில் மட்டும் பிடிக்கவேண்டும். இதெல்லாம் பரவாயில்லை. குத்தி கையில் இருக்கும்வரை வாயைத் திறக்கக்கூடாது. "எச்சில் தெறிச்சால் புள்ளி விழும். வாயை மூடிக்கொண்டு பாரும், பாலு." ஹவுன்ஸ்லோவில் விமானம் கூரைக்கு மேலால் போகும்போது எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள், நான் மட்டும் குரலை உயர்த்துகிறவன். என்னை வாய்மூட வைத்தார் அந்த மனிதர். சொல்ல வந்த நல்ல நல்ல விஷயங்களெல்லாம் தொண்டைக்குள்ளேயே நின்று செத்துப்போயின.

கை கழுவுவதைவிடப் பெரிய சட்டம் ஒன்று இருந்தது: மினுக்கக்கூடாது. பழைய வெள்ளியில் காலம் போகப்போக ஒரு நிறம் ஏறும். ஓரத்தில் நீலம், நடுவில் தேன் நிறம். சேகரிக்கிறவர்களுக்கு அதுதான் உயிர். தேய்த்துப் பளபளப்பாக்கினால் குத்தி கெட்டது, விலையும் போனது. ஒரு சரசுவதி பூசைக்கு அண்ணையின் மனைவி மலர் அக்கா விளக்கு, செம்பெல்லாம் துலக்கிக்கொண்டிருந்தார். கையோடு கையாக மேசையில் கிடந்த குத்திகள் பக்கம் எட்டினார்.

"வெள்ளிதானே, கறுத்துப்போய்க் கிடக்கு. திருநீறு போட்டு ஒரு தேய் தேய்ச்சுவிடட்டே?"

"இஞ்சேரும், தொட்டீரெண்டால் நான் சன்னியாசம் போயிடுவன்!"

"நல்லது. போற வழியிலை குப்பை வாளியையும் வெளியிலை வைச்சிட்டுப் போங்கோ."

இனி மாட்டுத்தலைக்கு வருகிறேன். என் வயிற்றெரிச்சல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கம் நீளக் கொம்பு மாட்டின் தலை, மறுபக்கம் ஒரு மரமும் வழிப்பாதையும் உள்ள அரை டொலர். கிடைப்பது அருமை. நாணயச் சந்தையில் அதை முதலில் கண்டது நான். இந்தக் கண்ணால் கண்டேன். விற்கிறவரோடு விலை பேசவும் தொடங்கிவிட்டேன். நான் யார், என் பாட்டனார் எத்தனை மாடு வைத்திருந்தார், மாட்டுத்தலைக்கும் எங்கள் பரம்பரைக்கும் என்ன தொடர்பு என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொன்னால்தானே ஆள் மனம் இளகுவான்? பக்கத்தால் ஒரு கை வந்தது. கேட்ட விலையைக் கொடுத்தது. மாட்டுத்தலையை எடுத்தது. திரும்பிப் பார்த்தால் குணம் அண்ணை.

"அண்ணை, உது என்ர!"

"நீர் கதைக்க வந்தனீர். நான் வாங்க வந்தனான்."

அதற்குப் பிறகு நான் கேட்காத விதமில்லை. மாற்றாகக் கப்பல் தருகிறேன் என்றேன், பாலம் தருகிறேன் என்றேன். "பாப்பம்" என்பார். கையில் தருவார், நான் வாய்மூடிப் பார்ப்பேன், திருப்பி வாங்கி வைத்துவிடுவார். அந்தப் "பாப்பம்" என்ற சொல்லோடேயே போய்விட்டார்.

செத்த வீடு முடிந்து சில நாள் கழித்து ரமணனிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். அவன் ஹரோவில் வீடு வாங்கியிருப்பவன், கணக்காளன், நல்ல பிள்ளை. ஆனால் அவனுக்கு அரை டொலர் என்றால் அரை டொலர்தான்.

"மாமா, அம்மாவை எங்களோடை கூட்டிக்கொண்டு போறம். அங்கை இதுகளை வைச்சு என்ன செய்யிறது? அப்பான்ர முப்பத்தொண்டுக் கிரியை முடிய ஏலக்காரர் ஒருத்தர் வந்து பாக்கிறார்."

"அந்த மாட்டுத்தலை மட்டும் எனக்கு..."

"பிரிச்சால் விலை போகாதாம். முழுச் செற்றாத்தான் குடுக்கவேணும்."

மலர் அக்கா பக்கத்தில்தான் இருந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

முப்பத்தோராம் நாள் காலையில், வாழையிலை வெட்ட உதவி செய்கிறேன் என்ற சாட்டில் எல்லோருக்கும் முந்திப் போனேன். அண்ணையின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு பெரிய தட்டம். தட்டம் நிறையக் குத்திகள். விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி மின்னியது. நீலமும் இல்லை, தேன் நிறமும் இல்லை. 

"அக்கா! என்னக்கா செய்து வைச்சிருக்கிறியள்?"

"மினுக்கினனான்."

"எதாலை?"

"திருநீறாலை. மாட்டுத்தலைக்கு மட்டும் கொஞ்சம் புளியும் போட்டனான். காதுக்குள்ளை இருந்த கறுப்புப் போகேல்லை."

புளி என்றதும் நான் கதிரையில் இருந்துவிட்டேன். "ஐயோ அக்கா, அண்ணை படிச்சுப் படிச்சுச் சொன்னவரே. இனி இதை ஒரு மனிசன் வாங்கமாட்டான்!"

"தெரியும்."

"தெரிஞ்சோ?"

"என்ர காதிலை அவர் ஓதாத நாளில்லை. எனக்குத் தெரியாமல் பின்னை ஆருக்குத் தெரியும்? பெடியன் விக்கப்போறான். வாங்கினவன் ஒண்டொண்டாப் பிரிச்சு உலகம் முழுக்க அனுப்புவான். அந்த மனிசன் விளிம்பிலை பிடிச்சுப் பிடிச்சுச் சேர்த்தது. இப்ப ஒருத்தருக்கும் வேண்டாம். எனக்கு வேணும்."

"என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ரமணனோடை சண்டை பிடிச்சிருப்பனே!"

"பிடிப்பீர். பிடிச்சு முடிய மாட்டுத்தலையை மட்டும் எடுத்துக்கொண்டு போவீர்."

நான் வாழையிலை வெட்டப் போய்விட்டேன்.

கிரியை முடிய ஏலக்காரர் வந்தார். பூதக்கண்ணாடியை ஒரு முறை வைத்தார், எடுத்தார். மரியாதையான மனிதர், ஒரு விலை சொன்னார். அதைக் கேட்டு ரமணனே தட்டத்தை எடுத்துத் திரும்பவும் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டான். "அம்மா, ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?" என்றான். அக்கா ஏலக்காரருக்கு வடையும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார். அவர் வடையை மட்டும் மனமார மெச்சினார்.

நான் புறப்படும்போது வாசலில் அக்கா என் கையைப் பிடித்து ஒன்றை வைத்தார். மாட்டுத்தலை.

"இந்தாரும். எத்தனை வருசம் கேட்டனீர்."

என் விரல்கள் தாமாகவே விளிம்பைப் பிடித்தன. அக்கா சிரித்துவிட்டார். "இன்னும் ஏன் உப்பிடிப் பிடிக்கிறீர்? இனிக் கெட என்ன கிடக்கு?"

என்னிடமும் மானம் இருக்கிறது. சும்மா வாங்கிக்கொண்டு போகிறவன் நானில்லை. பையில் இருந்த என் கரடியை எடுத்துத் திரும்பிப் போய், அண்ணையின் படத்துக்கு முன்னால், அவருடைய தேய்ந்த ஆட்டுக்குட்டிக் கரடிக்குப் பக்கத்தில் வைத்தேன். "அக்கா, இதை மட்டும் மினுக்கவேண்டாம். உங்களைக் கும்பிடுறன்."

"பாப்பம்" என்றார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அக்காவிடமே கேட்டேன். "எழுதும், எழுதும். உம்மட வாய்க்கு ஒரு நல்ல வேலை. எல்லாருக்கும் தெரிஞ்சால்தான் ஒருத்தரும் விலை கேட்டு வரமாட்டினம்" என்றார். ஆகவே, ஹவுன்ஸ்லோ முதல் ஹரோ வரை உள்ள பெருமக்கள் எல்லோரும் அறியவும்: குணம் அண்ணையின் குத்திகள் கெட்டுப்போய்விட்டன. ஒன்றும் விற்பனைக்கு இல்லை. அவை அக்காவோடு ஹரோவுக்குப் போகின்றன.

மாட்டுத்தலை இப்போது என் வீட்டில் இருக்கிறது. சந்தைக்குக் கொண்டுபோய் ஒருவரிடமும் காட்ட முடியாது, சிரிப்பார்கள். பழைய நிறம் ஏற என் காலம் காணாது. எடுத்துப் பார்த்தால் மாட்டுக்குப் பதிலாக என் மூஞ்சிதான் தெரிகிறது. ஆனாலும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறேன். இரண்டு விரலால் விளிம்பில் பிடிக்கிறேன். வாயை மூடிக்கொண்டு பார்க்கிறேன். என் மனைவி அடுத்த அறையிலிருந்து, "என்ன, சத்தத்தைக் காணேல்லை? குணம் அண்ணையின்ர குத்தியோ?" என்று கேட்கிறார். குத்தி கையில் இருப்பதால் நான் பதில் சொல்வதில்லை.