எண்ணெய்த் தலையோடு மூளை அலை பார்க்கப் போனோம்

கொள்ளேகாலத்துப் பட்டுக்கடை முதலாளி ஒருவர் என் அண்ணனைச் சோம்பேறி என்று சொல்லியே பாதி கொன்றுவிட்டார். மீதியை வீட்டில் நாங்கள் செய்தோம்.

அவர் கடையில் அண்ணன் கணக்கெழுதுகிறார். ஆறு மாதமாக ஒரு கூட்டலுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. தீபாவளிக்குள் தேறாவிட்டால் வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார். மைசூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மூளையின் மின் அலைகளை வரையும் கருவி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதும் அண்ணனை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

காலை ஆறு மணி பஸ். முப்பத்தெட்டு மைல். நரசீபுரத்தில் இட்லிக்கு நிற்கும், ஒன்பதுக்கு மைசூர். ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை.

நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று அம்மா இருவர் தலையிலும் நல்லெண்ணெய் ஊற்றி அனுப்பியிருந்தார். கருவிக்காரர் எங்கள் தலையில் ஒட்டிய உலோக வில்லைகள் வழுக்கி விழுந்தன.

“என்ன சார், தலையா செக்கா? ஸ்வல்ப சோப்பு போட்டுட்டு வாங்க.”

குழாயடியில் நான் தேய்த்துவிட, “எருமையக் கழுவுற மாதிரி தேய்க்கறயேடா” என்று அண்ணன் சிரித்தார். அவர் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் எங்கள் இருவரையும் கண்ணை மூடி, நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். முதலில் நான். கழிக்கும்போது காகிதத்தில் அலைகள் சுருங்கின. முடித்ததும் பழையபடி விரிந்தன. அடுத்து அண்ணன். ஒரு விடைகூடத் தப்பில்லை. ஆனால் சட்டை நனைந்துவிட்டது. முடித்து வெகுநேரமாகியும் அலைகள் விரியவில்லை.

“நீங்க படி ஏறினீங்க. இவர் அதே படிய மூட்டையோட ஏறினார். இதுக்குப் பேர் மனச்சோர்வு” என்றார் டாக்டர். “ஒரு காகிதத்த வெச்சு எல்லாருக்கும் இப்படித்தான்னு சொல்லிட முடியாது. ஆனா இவர் சோம்பேறி இல்ல. மூணு மாசம் ஓய்வும் வைத்தியமும் வேணும்.”

எனக்கு எழுந்து ஆடவேண்டும்போல இருந்தது.

அண்ணன் மெல்லக் கேட்டார்: “அப்ப நான் இத்தன நாளும் வேலதான் செஞ்சுட்டு இருந்தனா?”

இந்தச் சோதனைக்குப் போகிறவர்கள் முந்தின நாளே சீயக்காய் போட்டுத் தலை முழுகிவிடுங்கள். கூட ஒருவர் போங்கள். தனியாக அந்த பஸ் ஏறும் தெம்பு சோர்ந்தவர்களுக்கு இருக்காது. “சுறுசுறுப்பாக இரு” என்று வழியில் புத்தி சொல்லாதீர்கள்.

ஊர் திரும்பியதும் நேரே கடைக்குப் போனேன். வாசலில் மூட்டை இறக்கியவனுக்கு முதலாளி மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தார்.

“மூட்டை தூக்குனவனுக்கு மோர் குடுக்கறீங்க. எங்கண்ணனும் தூக்கிட்டுத்தான் இருந்தாருங்க. மூணு மாசம் லீவு குடுங்க, வேலைய வெச்சிருங்க. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”