எந்தப் பெட்டிக்குள் என்று கேட்காத தேடல்

என் பெட்டியில் 'முடிந்தது' என்ற பொத்தானை அழுத்தினேன். எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயின் கருவாடு முழுவதும் முடிந்துபோனது.

எங்கள் பெண்கள் சங்கத்துக்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. ஆளுக்கொரு பெட்டி, அதற்குள் கருவாட்டின் படம், விலை, இந்தப் பொத்தான். தலைவி நான் என்பதால் முதலில் அழுத்தியதும் நான்தான். என் பெட்டியோடு எல்லாருடைய பெட்டியும் 'முடிந்தது' என்று மூடிவிட்டது. அன்றைக்குத்தான் கொழும்பு முதலாளி பக்கத்தைப் பார்த்து ஓடர் தருவதாக இருந்தார்.

சங்கத்தில் இருக்கும் திரேசா ஓடி வந்தாள். "அக்கா, உங்கட வித்தா எங்கட கடையையும் சாத்துவீங்களோ? தலைவிக்கு அவ்வளவு அதிகாரமோ?"

பக்கத்தைச் செய்த அன்ரனுக்குப் போன் எடுத்தேன். மன்னார் டவுனில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவன். தேடுவதற்கென்று, மற்றவர்களும் தங்கள் பக்கங்களில் எடுத்துப் போடக்கூடிய ஒரு லைப்ரரியே சொந்தமாக எழுதி வைத்திருந்தான்.

"அன்ரி, பொத்தானை அமத்தினா, மூடவேண்டியதைத் தேடிப் பிடிக்கிறது 'தேடு' எண்டொரு மெதட். முதல் ஆர்கியூமென்ட், என்னத்தைத் தேடுறது. ரெண்டாவது, எந்தப் பெட்டிக்குள்ள. ரெண்டாவதைக் குடுக்க மறந்திட்டன்."

"குடுக்காட்டி?"

"பக்கம் முழுக்கத் தேடும். விருப்பமெண்டாக் குடுக்கலாம் எண்டு வசதிக்கு விட்டனான்."

"எங்கட ஊருக்கு வந்து மேரி எண்டு கூப்பிட்டுப் பார். எத்தினை பேர் வருவினம்? எந்த வளவு, எந்த வீடு எண்டு கேட்டுத்தான் நாங்கள் ஆளைக் காட்டுவம். இடத்தை முதல் வை. சொல்லாட்டித் தேடக் கூடாது. முழுக்க வேணுமெண்டா முழுக்க எண்டு எழுதட்டும்."

"அப்பிடி மாத்தினா, இதை வச்சு மற்ற ஆக்கள் செய்த பக்கமெல்லாம் உடையும், அன்ரி."

"எங்கட இண்டைக்கு உடைஞ்சிட்டுது. அவையின்ர நாளைக்கு உடையட்டும்."

பின்னேரம் புது வேர்சன் வந்தது. இடம் முதலில், பொருள் பிறகு. அழுத்தினேன், என் பெட்டி மட்டும் மூடியது. எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். என் யோசனை என்பதையும் சொன்னேன்.

அந்த நேரம் முதலாளியின் போன். காலையில் பார்த்ததோடு அவர் பக்கத்தைத் திரும்பப் பார்க்கவில்லை.

"என்னம்மா, நான் பாக்கிறதுக்குள்ள எல்லாத்தையும் வித்துட்டீங்களா? அடுத்த தடவை வேற யாருக்கும் குடுக்காதீங்க. முழுசா எனக்குத்தான்."

போனை வைத்ததும் திரேசா என் கையைப் பிடித்தாள். "அக்கா, அடுத்த முறையும் பழையபடி ஒருக்கா அமத்துங்கோவன்."

"இனி ஏலாது. முழுக்க எண்டு எழுதிக் குடுத்தாத்தான்."

"எழுதுங்கோவன், தலைவிதானே!"

இணையப் பக்கம் எழுதும் தொழிலுக்கு வரும் இளம் ஆட்களுக்கு ஒன்று சொல்வேன். எங்கே தேடுவது என்பதைக் கட்டாயமாக்குங்கள். பிறகு தவறுதலாக எவரும் ஊர்க் கடையைச் சாத்த முடியாது. தெரிந்தே சாத்துகிறவர் அதை எழுத வேண்டிவரும்.

நான் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. திரேசா என்னோடு பேசுவதில்லை.