மூன்று விமானமும் ஒரு மச்சானும்

முதலில் நான் நம்பிய மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் சேர்ந்து டிக்கெட் போட்டால், ஒருவர் ஏறாமல் விமானம் கிளம்பாது என்று நம்பினேன். சிவகாசி பக்கத்துத் திருத்தங்கலில் மதுரை பஸ் ஏறிப் பழகியவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? கூட வந்தவர் டீ குடிக்கப் போயிருந்தால், "அண்ணே, இன்னொரு ஆளு வரணும்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். கண்டக்டர் நம் பரம்பரையைத் திட்டிக்கொண்டே விசிலை வாயிலிருந்து எடுப்பார். ஆகாயத்திலும் எனக்காக அப்படி ஒரு குரல் எழும் என்று மீசை நரைத்த வயதில் நம்பியவன் நான்.

இப்போது நான் இருப்பது லுசாகா. ஜாம்பியா நாட்டின் தலைநகரம், ஆப்பிரிக்காவின் தென்பாதியில். இங்கே மினிபஸ்ஸில் கடைசி இருக்கை நிரம்பும் வரை வண்டி நகராது. முதல்முறை ஏறியபோது எப்போது கிளம்பும் என்று கண்டக்டரைக் கேட்டேன். "நவ் நவ்" என்றான். ஒரு தடவை சொன்னாலே இப்போது, இரண்டு தடவை சொல்கிறானே என்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் இறங்கிப் போய், சுட்ட சோளம் ஒன்றை முழுசாகத் தின்று, கட்டையை வீசிவிட்டு, நிதானமாக ஆள் கூப்பிட ஆரம்பித்தான். உள்ளே இருந்த யாரும் முகம் சுளிக்கவில்லை. இன்னாரென்றே தெரியாத ஒரு பயணிக்காக அத்தனை பேர் மடியில் பையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தக் கடைசி ஆள் ஏறும்வரை நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணத்தைச் சொல்கிறேன்.

திருத்தங்கலில் நான் ஆப்செட் மிஷின் ஆபரேட்டர். காலண்டர், பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள், எல்லாம் என் கையில் நிறம் பிடித்து வெளியே போனவைதான். என் மனைவி முருகேஸ்வரி பக்கத்து ஊரான எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறாள். அவளுடைய அண்ணன் செல்வராஜ், என் மச்சான், லுசாகாவில் ஒரு பிரஸ்ஸில் சில வருஷமாக இருக்கிறார். அங்கே புதிதாக நாலு கலர் மிஷின் இறங்கப் போகிறது, அதை ஓட்ட ஊரிலிருந்து ஒரு கைதேர்ந்த ஆள் வேண்டும் என்று முதலாளி கேட்டாராம். லீவில் வந்த மச்சான் என்னைப் போனிலேயே முதலாளியிடம் பேச வைத்தார். வேலை உறுதியானது. மதுரையிலிருந்து மும்பை, மும்பையிலிருந்து அடிஸ் அபாபா, அங்கிருந்து லுசாகா. மூன்று விமானம். எனக்கு அதற்கு முன் உயரமாக ஏறிய அனுபவம் பிரஸ் கூரையில் தகரம் மாற்றியது மட்டும்தான்.

"என்னைத் தனியா விட்றாதீக மச்சான்" என்றேன்.

"நான் பக்கத்துலேயே இருக்கேன்ல மாப்ளே. எங்கையப் பிடிச்சுக்கிட்டு வாங்க, போதும்" என்றார்.

தீபாவளி சீசன் நெருக்கம். ஆலையில் யாருக்கும் லீவு கிடையாது. ஆனாலும் நாங்கள் கிளம்பிய சாயங்காலம் முருகேஸ்வரி தன் செட்டில் வேலை பார்க்கும் அத்தனை பேரையும் ஆலை வேனிலேயே திருத்தங்கல் பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டி வந்துவிட்டாள். வேலை முடிந்து நேரே வந்தவர்கள். முழங்கை வரை வெள்ளி பூசியது போல, அலுமினியப் பொடி கலந்த பட்டாசு மருந்து. ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்தார்கள். ஒரு அக்கா கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். இன்னொருவர் என் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிப் பார்த்து, "கனமே இல்லையே, முறுக்கு வைக்கலையா முருகேசு?" என்று என் மனைவியைக் கேட்டபடியே உள்ளே கையை விட்டுத் துழாவினார். "வெள்ளைக்காரியோட திரும்பி வந்துராதீகண்ணே" என்று ஒருத்தி சொல்ல, "அங்க வெள்ளைக்காரி ஏதுடி?" என்று இன்னொருத்தி சிரிக்க, என் புதுச் சட்டை வெள்ளி ஜரிகை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

மச்சான் எதிர்ப்பக்க டீக்கடையில் நின்றார். ரோட்டைத் தாண்டி வரவே இல்லை. அவர் பெட்டியை மேலிருந்து கீழ் வரை பிளாஸ்டிக் தாளால் சுற்றியிருந்தார். "பெட்டிக்கு எதுக்கு மச்சான் மழைக்கோட்டு?" என்று நான் கேலி செய்திருந்தேன். அங்கிருந்தே சத்தம் கொடுத்தார்: "வாங்கிக்கங்க மாப்ளே, எல்லார் ஆசீர்வாதத்தையும் வாங்கிக்கங்க!" வாங்கிக்கொண்டேன்.

மதுரையில் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரையும் எல்லாச் சோதனையும் செய்ய மாட்டார்களாம். முதல் விமானம் மேலே எழும்பியபோது நான் மச்சானின் கையைப் பிடித்த பிடியில் அவர் மோதிரம் என் விரலில் பதிந்தது. மும்பையில்தான் என்னைத் தனியே நிற்கச் சொன்னார்கள். ஒரு காவலர் சின்னத் துணித்துண்டால் என் உள்ளங்கை, காலர், கைப்பை எல்லாவற்றையும் தடவினார். பிரஸ்ஸில் பிளேட்டைத் துடைக்கிற மாதிரி நல்ல தொழில் சுத்தம். மனதுக்குள் பாராட்டிக்கொண்டேன். அந்தத் துண்டை ஒரு மிஷினில் செருகினார். மிஷின் சிவப்பு விளக்கைப் போட்டுக் கத்தியது.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அந்தச் சத்தத்துக்கே கலைந்து ஓடிவிட்டது. 'இது என்ன?' என்று இங்கிலீஷில் கேட்டார். பட்டாசுக்குள் போகிற பொடிக்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பேர். அதனால், "மெடிசின் சார்" என்றேன்.

"யூ டாக்டர்?"

"நோ சார். ஒய்ஃப்."

"ஒய்ஃப் டாக்டர்?"

உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். "நோ சார். ஒய்ஃப் ஆட்டம் பாம் மேக்கிங். ஸ்மால் சைஸ்."

எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் விலகியதில் திடீரென்று நல்ல காற்றோட்டம் கிடைத்தது. இரண்டு பேர் துப்பாக்கியோடு வந்தார்கள். ஒண்ணுக்கு முட்டியது. மச்சான் சோதனை முடிந்து இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். நான் அவரைக் கைகாட்டினேன். "மச்சான்! சொல்லுங்க மச்சான்!" காவலர் அவரிடம் போய், இந்த ஆள் உன்னோடு வந்தவனா என்று கேட்டார். மச்சான் என்னைப் பார்த்தார். கடைவீதியில் கடன்காரனைப் பார்ப்பது போல, பார்த்தும் பார்க்காமல்.

"நோ சார். டோன்ட் நோ" என்றார். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தார்.

அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'ஆகா, எம்புட்டு மூளை மச்சானுக்கு! ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டா யாரு வெளியே போய் ஆள் கூட்டிட்டு வர்றது?' உள்ளுக்குள் அவரை மெச்சிக்கொண்டு அந்த அறைக்குள் போனேன். அரைமணிக்கு ஒருமுறை கதவைப் பார்த்தேன். கடைசியில் ஒரு பெரிய அதிகாரி வந்து பாஸ்போர்ட்டைப் புரட்டி, "சிவகாசி?" என்று கேட்டுச் சிரித்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார், சட்டையை மாற்றச் சொன்னார், டீ கூட வாங்கித் தந்தார். விமானம் போய்விட்டது என்று தன்மையாகச் சொன்னார். "கூட ஆளு வந்துச்சே, எப்படி சார் எடுப்பாங்க?" என்று தமிழிலேயே கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

அடுத்த விமானத்தில் இடம் கிடைக்கச் சில நாள் ஆனது. லாட்ஜில் உட்கார்ந்து மச்சானுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஆகாயத்தில் இருப்பார் என்று நினைத்தேன். மறுநாளும் ஆகாயத்திலேயே இருந்தார். முருகேஸ்வரியிடம், "விமானம் லேட்டு, மச்சான் பக்கத்துலதான் இருக்காரு" என்றேன். "அண்ணன் இருக்காகன்னா எனக்குக் கவலை இல்ல" என்றாள்.

அடிஸ் அபாபாவில் இறங்கியதும் காத்திருப்போர் முகங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனேன். இங்கேயாவது உட்கார்ந்திருப்பார் என்று. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் விசாரித்தேன். "உங்கள் சகோதரரா?" என்றாள். இல்லை, மனைவியின் சகோதரர் என்றேன். "அப்படியென்றால் உங்கள் சகோதரர்தானே" என்று அழகாகச் சிரித்தாள். மைக்கில் அவர் பேரை ஒருமுறை கூப்பிடவும் செய்தாள். அந்தப் பெரிய மண்டபத்தில் "செல்வராஜ்" என்ற பெயர் எத்தியோப்பிய ராகத்தில் ஒலித்தது. யாரும் எழுந்து வரவில்லை.

லுசாகாவில் மச்சான் தன் அறை வாசலிலேயே நின்றார். "வந்துட்டீகளா மாப்ளே! நான் அம்புட்டுப் பயந்து போயிட்டேன்" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். நான் அழுதேன். என்னால் அவருக்குச் சிரமம் என்று மன்னிப்பும் கேட்டேன். ஆமாம், நான்தான் கேட்டேன்.

மறுநாள் பிரஸ்ஸில் புது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் மச்சான் நின்றார். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்து, "வெடிமருந்தோடு பிடிபட்டாய், இனி வரமாட்டாய் என்று இவர் சொன்னார். ஆர்டர் காத்திருந்தது, மிஷினை இவரிடமே கொடுத்துவிட்டேன்" என்றார். எனக்குத் தாள் வெட்டுகிற கட்டிங் வேலை. என் நேரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு பிளேடைத் தீட்டினேன். மச்சான் பாவம், அவருக்கே சங்கடமாகத்தான் இருக்கும் என்றும் நினைத்தேன்.

நானும் அவரும் ஒரே அறையில்தான் இருக்கிறோம். அவர் சோறு வடிப்பார், நான் குழம்பு வைப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம், மும்பைக் கதையை முருகேஸ்வரியிடம் முதல்முறையாக வேடிக்கை போலச் சொன்னேன். சின்ன சைஸ் பாம் என்று நான் சொன்ன இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணனையும் மொதத் தடவ போகையில எங்க கை மருந்து பட்டு இப்படித்தான மும்பையில பிடிச்சு வச்சாக? உங்ககிட்டச் சொல்லலையா?"

"இல்லையே."

"என்னங்க சொல்றீக? அன்னைக்கு ஆலைக்குப் போன் போட்டதே அண்ணன்தான். எல்லாரையும் கூட்டிட்டு வா, மாப்ள சந்தோசப்படுவாருன்னாக. நாங்க குளிச்சிட்டு வாரோம்னு சொன்னதுக்கு, பஸ் போயிரும், அப்படியே வேன்ல ஏறி வாங்கன்னு அவுகதான் சொன்னாக."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணன் அங்கன இருக்காகளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எனக்கு அவள் அங்கே. அவளுக்கு அண்ணனும் நானும் இங்கே, ஒரே அடுப்பில். "நான் எந்தப் பக்கம் பேசட்டும்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

நடந்தது இதுதான். புது மிஷின் மச்சானுக்கு வேண்டியிருந்தது. முதலாளியோ ஊரிலிருந்து ஆள் கேட்டார், மறுக்க முடியாமல் மச்சான் என்னைக் காட்டினார். என்னை வழியிலேயே நிறுத்தி வைக்க, என் மனைவியையும் அவளோடு வேலை பார்க்கும் பெண்களையும் மருந்துக் கையோடு என்னைத் தொட வைத்தார். அவர் நினைத்தபடியே என்னை நிறுத்தினார்கள். இன்று காலையும் அவர் புது மிஷினில் நின்றார், நான் கட்டிங்கில் நின்றேன்.