அண்ணன் முகம் போட்ட டீசர்ட்

சின்ன வயதில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஓட்டவாய். விளாங்குடியில் எங்கள் தெருவில் எந்த வீட்டில் எது நடந்தாலும் அடுத்த வீட்டில் போய்ச் சொல்லிவிடுவேன். பெரியவர்கள் சிரித்துக்கொண்டேதான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்த வாயால்தான் என் அம்மாவையும் அவளுடைய ஒரே தம்பியையும் பிரித்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

மாமாவுக்குப் பழங்காநத்தத்தில் டீசர்ட் பிரிண்டிங் கடை. ஒரு பக்கம் ஸ்க்ரீன் வேலை நடக்கும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய சன்னத் துணியின் மேல் மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு இழுப்பார், அடியில் இருக்கும் சட்டையில் படம் விழுந்துவிடும். இன்னொரு பக்கம் சூடு மெஷின். கம்ப்யூட்டரில் எடுத்த படத்தை ஒரு ஷீட்டில் அடித்து, சட்டையின் மேல் கவிழ்த்து, சூட்டுத் தட்டால் அழுத்தி உரிப்பார். ஷீட்டில் எல்லா நிறமும் வரும், வேலையும் சுலபம். ஆனால் மாமாவுக்கு அதன்மேல் இளக்காரம். ஸ்க்ரீனில் அவர் ஒற்றை நிறத்தில்தான் போடுவார். சட்டை கிழிந்தாலும் படம் போகாது. மேலூர் பக்கம் மஞ்சுவிரட்டுக்குப் போட்டுக் கொடுத்த டீசர்ட்டை எவனாவது வருடக்கணக்காக உடுத்தித் திரிந்தால் நிறுத்திக் காட்டுவார். "பாரு பாப்பா, துணி நைஞ்சுபோச்சு, காளை இன்னும் முட்டிக்கிட்டு நிக்கிது."

அந்தச் சித்திரையில் அண்ணன் திண்டுக்கல் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். பத்தொன்பது வயது. வீட்டில் அழுகை ஓயவில்லை. பிள்ளை இதையெல்லாம் பார்க்க வேண்டாம் என்று பகலில் என்னை மாமா கடையில் கொண்டுபோய் விட்டார்கள். நானும் அழுதேன், ஆனால் பள்ளிக்கூட லீவில் கடைக்குப் போவது எனக்குப் பிடித்தும் இருந்தது. அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. இளவயதில் ஒருவன் போய்விட்டால், அடுத்து வரும் கோயில் திருவிழாவுக்குக் கூட்டாளிகள் எல்லாரும் அவன் முகம் போட்ட டீசர்ட் உடுத்தி வருவார்கள். வைகாசியில் தெரு மாரியம்மனுக்கு முளைப்பாரி. அண்ணனின் கூட்டாளிகள் முப்பத்திரண்டு பேர். படத்துக்குக் கீழே "மாப்ள, நீ எங்க கூடத்தான் இருக்க" என்று எழுத வேண்டும் என்றார்கள். மாமா அம்மாவிடம் வந்து கேட்டார்.

"போடட்டும்டா. எம் மகன் மூஞ்சிய ஊரு பாக்கட்டும்" என்றாள் அம்மா. "எனக்கும் ஒண்ணு குடு. நீயே நல்லாப் போட்டுக் குடு."

"சரிக்கா" என்றார்.

கூட்டாளிகள் ஸ்க்ரீனில் போடச் சொன்னார்கள். காலத்துக்கும் நிக்கட்டும்ணே என்றார்கள். மாமா ஷீட்டில்தான் போடுவேன் என்று ஒரே பிடியாக நின்றார். கலரில் வருமே என்று அவர்களும் விட்டுவிட்டார்கள்.

ஷீட்டில் அண்ணன் முகம் இடம் வலம் மாறி இருந்தது. நெற்றித் தழும்பு தப்பான பக்கத்தில் இருக்கிறது என்று நான்தான் கண்டுபிடித்ததுபோலச் சொன்னேன். திருப்பி அடித்தால்தான் சட்டையில் நேராக வரும் என்றார் மாமா. பிறகு முகத்தைக் கவிழ்த்து வைத்துத் தட்டை இறக்கினார். ஒவ்வொரு சட்டைக்கும் தட்டு இறங்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சூடு கண்ணில் அடிக்கிறது போல என்று நினைத்தேன்.

பாதி வேலையில் கேட்டேன், ஏன் மாமா ஸ்க்ரீனில் போடவில்லை என்று.

"இது நாலு தண்ணி தாங்காது பாப்பா. தாங்கவும் கூடாது. திருவிழா முடிஞ்சதும் போயிரணும். ஒங்கம்மா தெனம் ரோட்டுல நடக்குறவ. டீக்கடையில, பஸ்ஸுல, எங்கிட்டுத் திரும்புனாலும் அவன் நின்னா அவ எப்புடிப் பொழைப்பா?"

எனக்கு முதல் பாதி புரிந்தது.

சாவு விழுந்த வீடு என்பதால் அந்த வருடம் நாங்கள் சாமி கும்பிடப் போகவில்லை. ஊர்வலம் எங்கள் வாசலைத் தாண்டியபோது அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பத்திரண்டு நெஞ்சுகளில் அண்ணன் சிரித்துக்கொண்டே போனான். அம்மா அன்றைக்குத்தான் ஒரு மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

அவளுக்கென்று மாமா கொண்டுவந்து கொடுத்த டீசர்ட்டில் மட்டும் கலர் இல்லை. வெறும் கறுப்பு மையில் அண்ணன் முகம். அம்மா அதை வாங்கிப் பாலித்தீன் கவரில் போட்டுப் பீரோவில் வைத்தாள். யாரையும் தொட விடவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பார்க்க அண்ணனின் கூட்டாளி ஒருவன் வந்தான். அந்த டீசர்ட்டைத்தான் உடுத்தியிருந்தான். துவைத்துத் துவைத்து அண்ணன் முகம் வெடித்திருந்தது. ஒரு கண் உரிந்துபோய், வாய் இருந்த இடத்தில் வெள்ளைத் துணி தெரிந்தது. லாரி அடித்த பிறகு முகத்தைத் திறந்து காட்டியபோது அம்மா எப்படிப் பார்த்தாளோ, அப்படியே பார்த்தாள். ஷீட்டுப் படம் மங்காது, வெடிக்கும். மாமாவுக்கு அது தெரியாததல்ல. எத்தனை தண்ணி தாங்கும் என்று மட்டும் யோசித்தவர், போகிறபோது முகம் எப்படிப் போகும் என்று யோசிக்கவில்லை.

அவன் போனதும் அம்மா என்னிடம் கேட்டாள். "கடையிலதானே இருந்த? என்ன நடந்துச்சு?"

யாரும் என்னிடம் இவ்வளவு முக்கியமாக எதையும் கேட்டதில்லை. மாமா வேண்டுமென்றேதான் ஷீட்டில் போட்டார், நாலு தண்ணியில் போய்விட வேண்டும் என்று அவரே சொன்னார் என்றேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மறுநாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். சத்தம் போடவில்லை. "எவன் எவனுக்கோ கிழிஞ்சாலும் போகாமப் போடுற. எம் மகன் மட்டும் நாலு தண்ணியில போகணும்னு சொன்னியா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமாக்கா" என்றார். ரப்பர் பட்டையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். உன் மகன் முகம் தினமும் உன் கண்ணில் படக் கூடாது என்று எந்தத் தம்பியால் வாய்விட்டுச் சொல்ல முடியும் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு, மாமா தப்பை ஒத்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

அதோடு போக்குவரத்து நின்றது. நான் பெரியவளானபோது மாமா கொண்டுவந்த சீர் தெருமுனை வரை வந்து அதே ஆட்டோவில் திரும்பிப் போனது. தாய்மாமன் உட்கார வேண்டிய இடத்தில் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் உட்கார்ந்தார். போன வருடம் மாமா இறந்தபோது, அம்மா அசலூர்க்காரி மாதிரி போய் நின்றுவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் திரும்பி வந்தாள். மாமாவின் முழுப் பேச்சையும் சொல்லிவிட எனக்கு எத்தனையோ நாட்கள் கிடைத்தன. ஊர்க் கதையெல்லாம் பேசிய வாய்க்கு அது மட்டும் வரவில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை.

போன மாதம் மழையில் வீடு ஒழுகிப் பீரோவுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. கவரோடு டீசர்ட்டும் நனைந்து துருக்கறை ஏறியிருந்தது. இத்தனை வருடத்தில் அது தண்ணீரைப் பார்த்ததே இல்லை. அம்மா வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு குழாயடியில் உட்கார்ந்து மெல்ல அலசினாள். முகம் வெடிக்கவில்லை. சோப்புப் போட்டாள். பிறகு, என்ன நினைத்தாளோ, பிரஷை எடுத்து முகத்தின் மேலேயே தேய்க்க ஆரம்பித்தாள். துருக்கறை போனது, அண்ணன் போகவில்லை.

நான் குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். மை நூலுக்குள் இறங்கியிருந்தது. ஸ்க்ரீன் வேலை. ஒரே ஒரு சட்டைக்காக மாமா தனியாக ஒரு சட்டம் கட்டியிருக்கிறார்.

அம்மா பிரஷைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கு அவன் வேற என்னடி சொன்னான்?"