கம்பளிகளை வெள்ளாவியில் வைத்த கதை

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதத் துணிந்ததற்குப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததே இல்லை.

பீகாரில் பூமி நடுங்கி ஊர் ஊராக இடிந்த வருஷம் அது. திண்டிவனத்தில் ஒரு மிஷன் பெண்கள் விடுதியில் சாமான் அறை வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வீடிழந்தவர்களுக்காகக் கடல் கடந்த நாடுகளில் சேர்த்த பழைய துணிகள், புரட்டாசியில் எங்களிடம் வந்தன. பிரித்து, கிழிசல் தைத்து, குளிர் தொடங்குமுன் வடக்கே அனுப்ப வேண்டும். அங்கே ஜனங்கள் இன்னும் கீற்றுக் கொட்டகையில்தான் இருந்தார்களாம்.

ஒரு மூட்டை முழுக்கக் கம்பளிச் சட்டைகள். அந்துருண்டை நெடி. கழுத்துப்பட்டியில் யாருடைய அழுக்கோ. பிறர் உடுத்தியதை அப்படியே கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. யாரையும் கேட்காமல் விடுதிச் சலவைக்காரரிடம் போட்டேன். அவர் குடும்பத்துக்கு எங்கள் விடுதித் துணிதான் சோறு.

அவர் ஒன்றைத் தடவிப் பார்த்தார். "இது ஆட்டு மயிரு தங்கச்சி. பச்சத் தண்ணில அலசிக் காயப் போட்டுடறேன்."

"யார் யார் போட்டதோ. வெள்ளாவி வைக்காம எப்படி அனுப்பறதுங்க அண்ணே?"

"தொரைங்க துணியையே அழுக்குன்னு சொல்ற மொத ஆளு நீதான்" என்று சிரித்துக்கொண்டே மூட்டையைக் கழுதைமேல் ஏற்றினார்.

நான்காம் நாள் கொண்டுவந்தபோது சிரிப்பில்லை. சவுக்காரமும் ஆவியும் பட்டுக் கம்பளிகள் அட்டைபோல் இறுகியிருந்தன. பெரிய ஆள் சட்டையில் ஐந்து வயதுப் பிள்ளையின் கைகூட நுழையாது.

விடுதியை நடத்திய துரைசானி அம்மாள் ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தார். "இதை ஆவியில் வைக்கச் சொன்னது யார்?"

சலவைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மூட்டைக் கயிற்றின் முடிச்சை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

"தெரியாம நடந்துடுச்சிங்க" என்றார் கடைசியில்.

"இனி நம் துணி உம்மிடம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அம்மாள் உள்ளே போனார். அப்போதாவது பின்னால் ஓடியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தேன்.

சலவைக்காரரோடு வாசல்வரை நடந்தேன். வைவார் என்று நினைத்தேன்; வைதிருந்தால் தேவலை.

"அத்தினியும் பாழு" என்றார். "அங்க குளுர்ல கெடக்கறவங்க என்னா பண்ணுவாங்க தங்கச்சி?"

கழுதையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பருத்தித் துணி மூட்டைகளை மட்டும் ரயிலில் ஏற்றினார்கள். சாயங்காலம் விழுப்புரத்திலிருந்து வேறொரு சலவைக்காரர் வந்தார். விடுதித் துணிகளை அவரிடம் எடுத்துப் போட்டேன்.