ஏறாத பரண்

என் சிநேகிதனுக்கு நான் ஒரு பொய் எழுதினேன். "பரணில் ஏறிப் பார்த்தேன். மரங்கள் நல்ல நிலையில் இருக்கின்றன" என்ற இரண்டு வரிகள்தான். நான் ஏறவில்லை. அந்த இரண்டு வரிகளால் அவன் மனைவியின் கால் ஒன்று உதவாமற் போயிற்று.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் உத்தியோகம் கிடைத்துப் பதுளைக்குப் போனான். நான் திருகோணமலையிலேயே, கப்பல் திருத்துகிற டொக்யாட்டின் மரக் களஞ்சியத்தில் எழுத்து வேலைக்குச் சேர்ந்தேன். வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனபோது அங்கே கிடந்த பழைய மரங்களை ஏலம் போட்டார்கள். உப்புத் தண்ணீரில் வருடக்கணக்காக ஊறிய தேக்கு. கறையான் கிட்டவும் வராது. அதற்குப் பிறகு ஊரில் வீடு விற்கிற எல்லாரும் கூரையைத் தாங்கும் தீராந்தியைக் காட்டி, "இது கப்பல் மரம்" என்று சொல்லத் தொடங்கினார்கள். ஏலத்தில் போன மரத்தை எழுதிக் கொடுத்தவன் நான். ஊரில் கப்பல் மரம் என்று சொல்லப்பட்டதில் பாதிக்குக்கூட அது போதாது என்பது எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் தார் பூசிய நாட்டு மரம்.

சில வருடம் கழித்து அவன் ஊருக்கு மாற்றலாகி வரவிருந்தான், துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு ஓட்டு வீட்டை விலை கதைத்து வைத்திருந்தான். வந்து பார்க்க லீவு கிடைக்கவில்லை. "நீ மரம் தெரிந்தவன். பரணில் ஏறிப் பார்த்து எழுது. நீ நல்லது என்றால் முடித்துவிடுவேன்" என்று கடிதம் போட்டிருந்தான்.

நான் வீட்டைப் பார்க்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சாம்பல்தீவில் ஒரு கலியாணம். வெளுத்து மடித்த வெள்ளைக் காற்சட்டையோடு, பஸ்ஸுக்கு முன் அந்த வீட்டை எட்டிப் பார்த்துவிடலாம் என்று போனேன். வீட்டுக்காரர் கிண்ணியாவிலிருந்து வந்து கடை வைத்திருந்த வயதான முஸ்லிம் பெரியவர். தேத்தண்ணீர் தந்தார். பரண் நடு அறைக்கு மேலே இருந்தது. தீராந்தி தாரில் கறுத்துக் கிடந்தது.

"கப்பல் மரமா?" என்று கேட்டேன்.

"அப்பிடித்தான் எனக்கு வித்தவர் சொன்னார். ஏணி பக்கத்து ஊட்டில கிடக்கு. எடுப்பிக்கிறன், ஏறிப் பாருங்க தம்பி. வாங்கின பொறகு என்ட வாசல்ல கத வரப்படாது."

"இந்த உடுப்போடை ஏறினா மாப்பிள்ளையை விட்டிட்டு என்னைத்தான் எல்லாரும் பாப்பினம்" என்றேன். பெரியவர் சிரித்தார். பிறகும் ஒரு தரம், "பாத்திட்டே போங்க" என்றார். நான் குடைக் காம்பால் தீராந்தியின் நடுவில் தட்டினேன். கணீரென்று கேட்டது. சுவருக்குள் போகிற தலைப்பைத்தான் பார்க்க வேண்டும், ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். களஞ்சியத்துக்கு வருகிற புது ஆட்களுக்கு நானே சொல்லிக் கொடுத்தது அது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் அந்த இரண்டு வரிகளை எழுதிப் போட்டேன்.

அவர்கள் வந்து குடியேறினார்கள். அவன் மனைவி நன்றாகத் தைப்பாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை, தோணியேறிக் கிண்ணியாவிலிருந்து வருகிற பெண்களின் சட்டை என்று அவளுடைய கால் மெசின் ஓயாது. வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று அதை நடு அறையில் போட்டிருந்தாள்.

மூன்றாவது மாரியில், விடாமல் நான்கு நாள் மழை பெய்த ஒரு பின்னேரம், தீராந்தியின் தலைப்பு சுவரிலிருந்து கழன்று, பரணும் ஓடுகளும் மெசினில் இருந்தவள்மேல் விழுந்தன. உயிர் தப்பினாள். வலது முழங்கால் நொறுங்கிப் போயிற்று. நான் போய் அந்த மரத்தைப் பார்த்தேன். தலைப்பில் விரலை வைத்தேன். தேத்தண்ணீரில் தோய்த்த பாண் துண்டுக்குள் போவதுபோல உள்ளே போயிற்று.

யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். நல்ல பாலை மரம் தேடி நானே நின்று தீராந்தி போடுவித்தேன். அவளால் இனிக் கால் மெசின் மிதிக்க ஏலாது என்று வைத்தியர் சொன்னபின், கையால் சுற்றுகிற மெசின் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அன்று அவனுடைய அலுவலக ஆட்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவன் என் தோளில் கை போட்டு, "கூடப் பிறந்தவனும் இப்பிடிச் செய்யமாட்டான்" என்றான்.

அந்த ஆட்கள் போகும்வரை இருந்து, நான் பரணில் ஏறவேயில்லை என்பதை அவள் காதுபடவே அவனிடம் சொல்லிவிட்டேன்.

அவன் நான் கொண்டுபோன மெசினை ஒரு பக்கம் தள்ளி வைத்தான். பிறகு, "ஏறினனான் எண்டு ஏன் எழுதினனீ? ஏறேல்லை எண்டு எழுதியிருந்தா வேற ஆரையும் அனுப்பியிருப்பன்" என்றான். அவ்வளவுதான்.

அவள்தான் கதிரையிலிருந்து சொன்னாள்: "எனக்குத் தெரியும் அண்ணை. வந்த கிழமையே சட்டி பானை வைக்க ஏறினனான். விரல் தடிப்புக்குத் தூசி. ஒரு கால் அடையாளமும் இல்லை."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "தெரிஞ்சும் ஏன் வாய் திறக்கேல்லை?"

"அண்ணை மரத்தோடை புழங்கிற ஆள். கீழை நிண்டே கண்டிருப்பார் எண்டு நினைச்சன்."

அவன் ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். இதைத்தான் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் கடற்கரைக்கு அவன் வருவதில்லை. ஆனால் மாரி தொடங்குமுன் அவள் ஆள் அனுப்பினாள், பரணைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லி. போய் ஏறினேன். நான் இறங்கும்வரை அவன் வாசற் படலைக்கு வெளியே, எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றான். ஒவ்வொரு வருடமும் அப்படியே நடந்தது. ஒன்பது வருடம் நான் ஏறினேன், ஒன்பது வருடமும் அவன் வெளியே நின்றான். ஒரு தரமாவது கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம்.

பத்தாம் வருடம் மாரி தொடங்குமுன் அவன் செத்துப் போனான். செத்த வீட்டில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தவன் நான். அந்த வருடமும் ஆள் வந்தது. ஏணியை அவள் கதிரையில் இருந்தபடியே ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். ஏறி, இரண்டு தலைப்பையும் ஊசியால் குத்திப் பார்த்தேன்.

"எப்பிடி அண்ணை?"

"நல்லாயிருக்கு, தங்கச்சி."

"ஓம்" என்றாள். நான் இறங்கும் வரை காத்திருந்துவிட்டு, ஏணியை விட்டு, மெசினின் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினாள்.